சூட்டில் மறையும் மை

பயண அட்டையில் ஏழு கட்டங்கள்.
கட்டத்துக்கு ஒரு நாள்,
நள்ளிரவில் பிறந்து நள்ளிரவில் சாகிற நாள்.
ஏறுமுன் தேதியை நாமே எழுத வேண்டும்.
பென்சில் கூடாது என்று
பின்பக்கம் ஐந்து மொழிகளில் போட்டிருந்தது.

வெந்துலாவிடம் ஒரு பேனா இருந்தது.
உரசினால் சூட்டில் மறையும் மை.
பரிசோதகர் வராமல் போனால்
அந்த நாள் நமக்கு மிச்சம் என்றாள்.
நான் கணக்கியல் மாணவி.
வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி. விரைவு வண்டிக்கு
முன்பதிவுக் காசு தனி. அதனால்
ஊருக்கு ஊர் நின்று மூச்சு வாங்கும் வண்டிகள்தான்.
வியன்னாவில் நாற்பது நிமிடம்.
பார்த்தது ஒரு கழிப்பறைக் கதவு,
அதில் ஐம்பது சென்ட் என்று எழுதியிருந்தது.
அடுத்த வண்டிவரை அடக்கிக்கொண்டோம்.
புடாபெஸ்டில் கடை சாத்தும் நேரம்,
நேற்றைய ரொட்டி பாதி விலை.
மத்தி மீன் டப்பாவை
அவளுடைய வீட்டுச் சாவியால் நெம்பித் திறந்தோம்.
சாவியில் ஒரு வாரம் மீன் வாடை.

பரிசோதகர் ஒருமுறை வரவே இல்லை.
நான்காம் கட்டத்தைத் தேய்த்தாள்.
தாள் வெளுத்தது.
ஒரு வியாழக்கிழமை
நடக்காத கிழமையாயிற்று.

ஒராதியா தாண்டி ஏறிய பெட்டியில்
ஜன்னலடி வெப்பக்குழாயை யாராலும் அணைக்க முடியவில்லை.
எதிரே ஒரு மனிதர்,
போர்வை சுற்றிய கார் முகப்புக் கண்ணாடியை
மடியில் குழந்தைபோல் கிடத்தியிருந்தார்.
அட்டைகளைக் குழாய்மேல் வைத்துவிட்டுத் தூங்கிப்போனோம்.

விழித்தபோது பரிசோதகர் நின்றிருந்தார்.
சட்டைப் பட்டயத்தில் திபேரியு என்ற பெயர்.
அட்டையைத் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார்.
ஏழு கட்டமும் வெள்ளை வெளேர்.
ப்ர்னோவும் இல்லை, வியன்னாவும் இல்லை.
"அப்படியானால் நீங்கள்
இன்னும் எங்கிருந்துமே கிளம்பவில்லை"
என்றார், சிரிக்காமல்.

தொண்ணூற்று நான்கு லெய்.
எங்களிடம் இருந்தது அறுபத்தொன்று,
பித்தான் ஒன்று, ஹங்கேரிச் சில்லறை கொஞ்சம்.
கண்ணாடிக்காரர் முப்பத்துமூன்றை எண்ணிக் கொடுத்தார்.
பிறகு எங்கள் நான்கு கைகளைப் பார்த்தார்.

தேஜ் நிலையத்திலிருந்து அவர் வீட்டுக்கு
ஒன்றரைக் கிலோமீட்டர். கணுக்கால்வரை பனி.
முன்னால் அவர், பின்னால் நாங்கள்,
நடுவில் போர்வை நழுவிய கண்ணாடி.
அதன் வழியே தெருவிளக்குகள் வளைந்து வளைந்து வந்தன.
"இறக்காதே, இறக்காதே" என்று
வெந்துலா செக்கில் சொல்ல
அவர் ருமேனிய மொழியில் ஆமோதித்தார்.
பட்டறை வாசலில் வைத்துவிட்டு
அவரவர் கையை அவரவர் ஊதிக்கொண்டோம்.
பெயர் கேட்க மறந்தது
திரும்பும் வண்டியில்தான் நினைவுக்கு வந்தது.
திரும்பும் வண்டிக்கு
என் அக்கா பணம் அனுப்பினாள், வசவோடு.

பதினோரு ஆண்டு.
ஓவுலுவில் இந்த ஜனவரி, மைனஸ் இருபத்துநான்கு.
வரி ரசீது தேடிய பெட்டிக்குள் அந்த வெள்ளை அட்டை.
கடுங்குளிரில் அந்த மை திரும்பும் என்று
அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.
பால்கனிக் கம்பியில் கிளிப் போட்டு மாட்டினேன்.

காலையில் எல்லாம் வந்திருந்தன,
அவளுடைய சாய்ந்த ஏழு,
என்னுடைய வால் நீண்ட இரண்டு.
நான்காம் கட்டத்தில் மட்டும்
ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு தேதிகள்.
திருடிய வியாழனும் எழுந்து நின்றது.

படம் எடுத்து வெந்துலாவுக்கு அனுப்பினேன்.
இப்போது ஒஸ்த்ராவாவில் தணிக்கையாளர்.
வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது:
"கண்ணாடி உடையாமல் போய்ச் சேர்ந்ததுதானே?"

அட்டையை உறைபெட்டியில்
பட்டாணிப் பைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
மின்சாரம் போகும் இரவுகளில்
எழுந்து போய்
கதவைத் தொட்டுப் பார்க்கிறேன்.